கோல்ஃப் புல்லும் கார்த்திகை மழையும்: கேள்வி பதில்

ஊட்டியில் 8 வருஷம், கனடாவில் 16 வருஷம் கோல்ஃப் மைதானத்தில் புல் பார்த்துவிட்டு, இப்போது காரைக்குடிப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். ஆட்டம் இல்லாத மாதங்களில் புல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: மகன் டொராண்டோ பக்கம் கோல்ஃப் கிளப்பில் வேலை பார்க்கிறான். நவம்பரோடு மூடிவிட்டார்களாம். ஏப்ரல் வரைக்கும் அங்கே என்ன வேலை தம்பி?

மூடியது ஆடுகிறவர்களுக்குத்தான் ஆச்சி. தரை உறைவதற்கு முன்னால் கம்ப்ரசர் வைத்துக் காற்றை அடித்து, தண்ணீர்க் குழாய்களைக் காலி செய்ய வேண்டும். உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்து விரிந்தால் குழாய் பிளந்துவிடும். கடைசி வெட்டுகளில் பிளேடைக் கொஞ்சம் உயர்த்துவார்கள். பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். அதன் மேல் மணல் தூவிக் குருத்தை மூடுவார்கள். பனிக்கு அடியிலும் பூஞ்சை வளரும். அதற்கான மருந்தை முதல் பனிக்கு முன்பே அடித்துவிட வேண்டும்.

ஜனவரியில்தான் வயிற்றைக் கலக்கும். பனி உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடி மாதிரி மூடிக்கொண்டால் புல்லுக்கு மூச்சு முட்டும். அப்போது ஐஸை உடைத்து, உள்ளங்கை அகலத்துக்குப் புல்லை மண்ணோடு பெயர்த்து, ஆபீஸ் ஜன்னலோரம் ஒரு டப்பாவில் வைப்போம். வருகிறவன் போகிறவன் எல்லாம் குனிந்து பார்ப்பான். பச்சை முளை தெரிந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் காபி. தெரியாவிட்டால் விதைக்கு ஆர்டர். உங்கள் மகனிடம் இந்த டப்பாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், போனை வைக்க மாட்டான்.

ஊட்டியில் விடுதி நடத்தும் காரைக்குடிக்காரர்: டிசம்பர் காலையில் விருந்தினர்கள் புல்வெளியில் நடக்கிறார்கள். ரெண்டு நாளில் காலடி கறுப்பாகத் தெரிகிறது.

உறைபனியில் இலைக்குள் இருக்கும் நீரும் ஐஸாகிவிடும். மிதித்தால் செல் கிழியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடியை நட நான் கிரீனுக்குள் ஓடினேன். ஓரத்திலிருந்து குழி வரைக்கும் என் செருப்புத் தடம் வாரக்கணக்கில் கிடந்தது. குளிரில் புல் வளராதே, எப்படி மறையும்? தினமும் காலையில் மேஸ்திரி என்னைக் கூட்டிப் போய்க் காட்டுவார். வெயில் பட்டுப் பனி உருகும்வரை கயிறு கட்டிவிடுங்கள். மிதிக்காதீர்கள், மிதிக்க விடாதீர்கள்.

கானாடுகாத்தான், வீட்டை விடுதியாக்கியவர்: அடைமழையில் புல்வெளி சேறாகிவிட்டது. உருளை ஓட்டிச் சமன் செய்யலாமா?

கூடவே கூடாது. ஈரமண்ணை அழுத்தினால் காற்றுக்கு வழி போய்விடும், வேர் அழுகும். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைப்படி கிரீனுக்கு அடியில் 10 செ.மீ. சரளை, அதன்மேல் 30 செ.மீ. மணல் கலவை. தண்ணீர் வடிவதற்காகவே இத்தனையும். உங்களிடம் இருப்பது செம்மண். முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே விடுங்கள். கால் புதையாத அளவுக்குக் காய்ந்த பிறகு கம்பியால் குத்தித் துளை போட்டு மணலைத் தள்ளுங்கள். அதுவரை மிதிக்காதீர்கள்.

பள்ளத்தூர்: மழைக்குப் பிறகு புல் மஞ்சளாகிறது. யூரியா போடலாமா?

தண்ணீர் வடியட்டும். அதற்கு முன் வேண்டாம்.

கோட்டையூர்: புல் மஞ்சளடிக்கிறது. யூரியா எவ்வளவு?

மேலே பாருங்கள்.

புதுக்கோட்டை: நர்சரியில் பெர்முடா என்று வெளிநாட்டுப் புல் விற்கிறார்கள். நம் குளிர்காலத்தைத் தாங்குமா?

பெர்முடா வேறு யாரும் இல்லை, நம் அருகம்புல்தான். டெல்லிக் குளிரில் பழுத்துப்போய்த் தூங்கும். இங்கே அதற்குத் தூக்கமே கிடையாது.

குன்றக்குடி: பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லும் பந்தாட்டப் புல்லும் ஒன்றா? இப்படிப் பேசலாமா?

கோபம் வேண்டாம் ஐயா. தாவர நூலில் இரண்டுக்கும் ஒரே பெயர், சைனோடான் டாக்டிலான். பிள்ளையார் நோன்புக்கு நானும் இழை எடுக்கிறவன்தான்.

வேளாண் மாணவர்: ஐயா சொல்வது பாதி சரி. கோல்ஃப் மைதானத்தில் இருப்பது கலப்பினம்.

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. அருகம்புல்லை ஆப்பிரிக்கச் சைனோடான் ஒன்றோடு சேர்த்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரில் உருவாக்கியவை அவை. அவற்றில் ஒன்றான டிஃப்வே 1960இல் வந்தது. அதை விதை போட்டு வளர்க்க முடியாது, தண்டை நட்டுத்தான் வளர்க்க வேண்டும். அதனால் யாராவது ‘டிஃப்வே விதை’ என்று பொட்டலம் நீட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். என்னிடமே ஒருவர் விற்கப் பார்த்தார்!

குன்றக்குடிக்காரரே மறுபடியும்: அப்படியானால் புல்வெளியில் கிள்ளிப் பிள்ளையாருக்குச் சாத்தலாமா?

மருந்து அடித்த புல் வேண்டாம். வரப்பில் கிள்ளுங்கள். கலப்பினமா நாட்டுப் புல்லா என்ற வழக்கைப் பிள்ளையாரே பார்த்துக்கொள்வார்.

காரைக்குடி: மார்கழிப் பனியில் புல்லில் வட்ட வட்டமாகப் பழுப்பு.

பூஞ்சையாகத்தான் இருக்கும். இலையில் ஈரம் நெடுநேரம் நிற்பதால் வருவது. விடிந்ததும் ரெண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து, நீளக் கயிற்றைப் புல்மேல் இழுத்துக்கொண்டு ஓரமாக நடங்கள். பனித்துளி பொலபொலவென்று உதிரும். சாயங்காலம் தண்ணீர் விடுவதையும் நிறுத்துங்கள்.

செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம்: அண்ணே, புல் மஞ்சளாக இருக்கிறது. யூரியா...

தண்ணீர் வடிந்ததா, இல்லையா? முதலில் அதைச் சொல்லுங்கள்.