160 ஏக்கர் நிலம் இலவசமாகக் கிடைத்தும், அமெரிக்காவில் குடியேறியவர்கள் ஏன் நகரச் சேரிகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்?

பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி படித்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. ஆனால் வந்த புதிதில் ஜெர்சி சிட்டியில் ஒரே வீட்டில் ஐந்தாறு பேரோடு தங்கியவன் என்பதால், கேள்வி கொஞ்சம் சுருக்கென்று தைத்தது.

1862ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் இலவசம்தான். ரயில் டிக்கெட், ஏர், மாடு, விதை, முதல் அறுவடை வரைக்குமான சாப்பாடு இதெல்லாம் இலவசமில்லையே? கையில் காசும் விவசாயப் பழக்கமும் இருந்த ஜெர்மானியர்களும் ஸ்காண்டிநேவியர்களும் மினசோட்டா, நெப்ராஸ்கா பக்கம் போனார்கள். 1880களுக்குப் பிறகு வந்த தெற்கு இத்தாலியர்களில் பலர், நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர்கள். நிறையப் பேர் திரும்பியும் போனார்கள். அப்படிப்பட்டவன் பட்டா வாங்க ஐந்து வருடம் புல்வெளியில் உட்கார்ந்திருப்பானா? ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர்களுக்கு அங்கே நிலம் வாங்கவே ஏகப்பட்ட தடை. தெரிந்த தொழில் தையல். கூலி கிடைத்த இடம் நகரம். 1850ல் 30 ஆயிரம் பேர் இருந்த சிகாகோ, 1890ல் 10 லட்சத்தைத் தாண்டியது இப்படித்தான். வேலைக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு, பக்கத்தில் ஊர்க்காரன். வேறென்ன வேண்டும்?

என் அம்மா வந்திருந்தபோது மன்ஹாட்டன் ஆர்ச்சர்ட் தெருவில் உள்ள டெனமென்ட் மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். 1863ல் கட்டிய ஒண்டுக்குடித்தனக் கட்டடம். ஒரு குடித்தனத்துக்கு மூன்று அறை, மொத்தமே 325 சதுர அடி. கட்டியபோது கக்கூஸ் கொல்லைப்புறத்தில். வெளிச்சம் வேண்டும் என்று பிற்பாடு சட்டம் கேட்டதும், அறைக்கும் அறைக்கும் நடுச்சுவரிலேயே சன்னல் வைத்துக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள்!

அதில் லெவின் என்ற போலந்து யூதக் குடும்பத்தின் வீட்டை 1890களில் இருந்த மாதிரியே வைத்திருக்கிறார்கள். வீடே தையல் பட்டறை. அம்மா மதுரையில் ஜாக்கெட் தைத்து எங்களைப் படிக்கவைத்தவர். வழிகாட்டி பேசி முடிக்கும் முன்பே, "மிஷினைச் சன்னலோரம் போட்டிருக்கான் பாரு, கண்ணு தெரியணும்ல" என்றார். அடுத்து அடுப்பின் மேல் இஸ்திரிப் பெட்டிகள் இருந்ததைப் பார்த்து, "இது சூடாகிட்டே இருந்தா அந்தப் பொண்ணு எப்பப்பா சோறாக்கும்?" அந்தக் கேள்வியை மொழிபெயர்த்துச் சொன்னேன். வழிகாட்டி சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

வறுமையை அழகாக்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்த வீடுகளில் காசநோய் பரவியது. 1911ல் நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தபோது ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்ததால் தப்ப வழியில்லாமல் போனது. செத்த 146 பேரில் பெரும்பாலோர் இளம் யூத, இத்தாலியப் பெண்கள். எல்லாம் தெரியும். அவர்கள் அழுக்கை விரும்பி அங்கே போகவில்லை என்பதுதான் நான் சொல்வது.

இத்தாலியர்களைப் பூண்டு நாற்றம் என்று திட்டினார்கள். நாங்கள் ஜெர்சி சிட்டி வீட்டைக் காலி செய்தபோது, சுவரில் மசாலா வாசனை ஏறிவிட்டது என்று அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். ஒட்டுப்போட்ட கதவு, சாத்த முடியாத சன்னல், ஹீட்டர் கிடையாது. அதற்கு யாரிடம் அட்வான்ஸ் பிடிப்பது? சரி, அது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாத எரிச்சல்.

"அவர்கள் எல்லாரும் முறைப்படி வரிசையில் வந்தவர்கள்" என்று கமெண்டில் ஒருவர் நிச்சயம் வருவார். முதலாம் உலகப்போர் வரைக்கும் ஐரோப்பாவிலிருந்து வர விசா என்ற ஒன்றே தேவைப்படவில்லை. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதிக்க 1892ல் திறந்த எல்லிஸ் தீவில், கண்நோய் இருக்கிறதா என்று இமையைப் புரட்டிப் பார்ப்பார்கள், சில கேள்வி கேட்பார்கள். பெரும்பாலோர் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 100க்கு இரண்டு பேர்தான். சீனத் தொழிலாளிகளுக்கு 1882லேயே கதவைச் சாத்தினார்கள், இந்தியர்களுக்கு 1917ல். 1924ல் இத்தாலியர், யூதர் வரவையும் ஒதுக்கீடு போட்டு ஒடுக்கினார்கள்.

நியூயார்க் வந்தால் அந்த மியூசியத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள், வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். மாடிப்படி ஏற வேண்டியிருக்கும், மூட்டு வலி உள்ளவர்களை யோசித்துக் கூட்டிப்போங்கள்.