ஏரிமேல் புகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இங்கிலாந்தின் டீப் பர்ப்பிள் ராக் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டில் ஒரு கேசினோ எரிந்து போகிறதே, அது நிஜமா கற்பனையா?

பதில்: நிஜம்தான். ராக் பாடல்களில் இவ்வளவு நேரடியான செய்தி அறிக்கை வேறு கிடைப்பது அரிது. நாள் 1971 டிசம்பர் 4, இடம் ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோன்ட்ரூ. அங்கிருந்த கேசினோவின் அரங்கில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவும் அவருடைய ‘மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்’ குழுவும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ‘கிங் காங்’ என்ற உருப்படியின் நடுவே கூட்டத்தில் ஒருவன் ஆபத்து விளக்குத் துப்பாக்கியை மேல்நோக்கிச் சுட்டான். கடலில் சிக்கிய படகுகள் உதவி கேட்டு வானத்தில் ஒளி விடுவதற்கானது அது. அரங்கின் கூரை பிரம்பால் வேய்ந்திருந்ததால் தீ பற்றியதும் பரவியதும் ஒரே மூச்சில் முடிந்தது. கட்டடம் முழுக்கச் சாம்பல், ஸாப்பா குழுவின் கருவிகள் அத்தனையும் போயின, ஆனால் உயிர்ச்சேதம் இல்லை. சுட்டவன் பிடிபடவும் இல்லை.

டீப் பர்ப்பிள் ஆட்கள் அன்று கூட்டத்தில் ரசிகர்களாக நின்றிருந்தார்கள். தப்பி வெளியே வந்தபின், எரியும் கட்டடத்தின் புகை ஏரிப்பரப்பில் படர்ந்து கிடப்பதைப் பார்த்தார்கள். தலைப்பு அந்தக் காட்சிதான். ஒன்றிரண்டு நாள் கழித்து பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது அந்தச் சொற்கள் அவர் வாயில் வந்தன. பாடகர் இயன் கில்லனுக்கு முதலில் இது போதைப்பொருள் பாட்டு போலக் கேட்டதாம். இன்றும் சிலர் அப்படி நினைப்பதால், அவரைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: பாட்டில் வரும் ‘ஃபங்கி கிளாட்’ யார்?

பதில்: மோன்ட்ரூ ஜாஸ் விழாவை நிறுவி நடத்திய கிளாட் நோப்ஸ். தீக்குள் போய் இளைஞர்களை வெளியே இழுத்து வந்தவர். 2013 ஜனவரியில் காலமானார்.

கேள்வி: எரிந்துபோன கேசினோவில் இந்தப் பாட்டைப் பதிவு செய்ததாக ஒரு நண்பர் சொல்கிறார். எப்படி முடியும்?

பதில்: முடியாது. அங்கே பதிவு செய்யத் திட்டமிட்டது மட்டும் உண்மை. ஸாப்பா நிகழ்ச்சியோடு கேசினோ குளிர்கால விடுமுறைக்கு மூடப்படும், காலி அரங்கில் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைப் பதிவு செய்யலாம் என்பது ஏற்பாடு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான, லாரிக்குள் கட்டிய நடமாடும் ஸ்டுடியோவும் அதற்காக வந்து நின்றது. லாரி தப்பியது, அரங்கு போயிற்று.

அடுத்து நகரில் ‘பெவிலியன்’ என்ற அரங்கு கிடைத்தது. அங்கே இரவில் வாசித்த முதல் இசைத்தடம்தான் பின்னால் இந்தப் பாட்டாக ஆனது. அப்போது அதற்குப் பெயரும் இல்லை, வரிகளும் இல்லை. சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. வாசிப்பு முடியும்வரை குழுவின் உதவியாளர்கள் உள்ளிருந்து கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். தடம் தப்பியது. அந்த அரங்கில் அதற்குமேல் இடமில்லை.

கடைசியில் போய்ச் சேர்ந்தது குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல். தாழ்வாரத்தில் கருவிகளை வைத்து, எதிரொலியை அடக்க மெத்தைகளைச் சுற்றிலும் நிறுத்தி, பெரிய ஹீட்டர்களைக் கொண்டுவந்து வேலை நடந்தது. ஒலிப்பொறியாளர் மார்ட்டின் பர்ச் இருந்ததோ வெளியே நின்ற லாரியில். வாசித்ததைப் போட்டுக் கேட்க வேண்டுமென்றால் படுக்கையறைகள், பால்கனிகள் எல்லாம் தாண்டிப் பனியில் சுற்றிப் போக வேண்டும். இதில் அலுத்து, ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அந்த ஆல்பத்தில் சேர்ந்து வாசிக்கும் உயிர்ப்பு இவ்வளவு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே படுகிறது.

ஆல்பத்தின் நீளம் போதாது என்று கடைசியில் தெரிந்தபோதுதான் பெவிலியன் தடத்தின் நினைவு வந்தது. அதற்கு என்ன எழுதுவது? தங்களுக்கு நேர்ந்ததையே எழுதினார்கள். ஆக, இது இடத்தை நிரப்ப வந்த பாட்டு.

கேள்வி: ஆல்பம் வந்தது 1972-ல், பாட்டு அமெரிக்காவில் ஹிட் ஆனது 1973-ல். ஏன் ஓராண்டு தாமதம்?

பதில்: இது ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1972 மார்ச்சில் ஆல்பம் வந்தபோது தனிப்பாடலாக (சிங்கிளாக) விட்டது ‘நெவர் பிஃபோர்’. அது பெரிதாக எடுபடவில்லை. நம் பாட்டோ ஏறக்குறைய 5 நிமிடம் 40 விநாடி, அன்றைய வானொலிக்கு மிக நீளம். 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ நேரடி ஆல்பம் வந்தபின் நிலைமை மாறியது. சுருக்கிய வடிவத்தை 1973-ல் தனிப்பாடலாக வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பில்போர்டு ஹிட் பட்டியலில் 4-ம் இடம்வரை ஏறியது.

கேள்வி: கிட்டார் கற்கிறேன். இந்தப் பாட்டின் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் துணுக்கை, சரியான சுரங்களில்தான் வாசிக்கிறேன், ஆனால் ரெக்கார்டில் உள்ளதுபோல் இல்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: அநேகமாக மூன்று இடங்களில்.

முதலாவது, பலர் இதை ஆறாவது, ஐந்தாவது தந்திகளில் பவர் கார்டுகளாக (ச-ப ஜோடிகளாக) வாசிக்கிறார்கள். குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் வாசித்தது நான்காவது, மூன்றாவது தந்திகளில், எல்லாமே ச-ம இடைவெளியில் (‘ஃபோர்த்’) அமைந்த ஜோடிகள். இரண்டு தந்திகளிலும் ஒரே ஃப்ரெட்டை அழுத்துங்கள். திறந்த தந்தி 0 என்றால் வரிசை இது: 0-3-5, 0-3-6-5, 0-3-5, 3-0. மூன்றாவது தந்தியில் கேட்கும் மெட்டு ஜி, பி ஃப்ளாட், சி, டி ஃப்ளாட் என்ற நான்கே சுரங்கள். ஜி-யை சட்ஜமாக வைத்தால் ச க ம, ச க மி ம, ச க ம, க ச. காந்தாரம் சாதாரண காந்தாரம். பிரதி மத்யமம் (மி) ஒரு நொடி தலைகாட்டிவிட்டு சுத்த மத்யமத்துக்கு இறங்குகிறதே, ப்ளூஸ் வாசனை அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, பிக் எனும் மீட்டும் தகடு. பிக்கால் அடித்தால் ஒரு தந்தி முன்னும் மற்றது இம்மியளவு பின்னும் ஒலிக்கும். பிளாக்மோர் விரலால் இரண்டையும் ஒரே கணத்தில் இழுக்கிறார். நான்காவது தந்திக்குக் கட்டைவிரல், மூன்றாவதற்கு ஆள்காட்டிவிரல். இடக்கையில் 3-ம் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டிவிரலையும் 5-க்கு மோதிரவிரலையும் படுக்கவைத்து, 6-க்கு மோதிரவிரலை அப்படியே நகர்த்துங்கள். ஒவ்வொரு ஜோடியையும் முழுக்க இழுபட விடாமல் சற்றே நறுக்க வேண்டும். ஆம்பில் (ஒலிபெருக்கியில்) ஒலியை உறும வைக்கும் கெயினை அதிகம் வைத்தால் விரல் இழுக்கும் அந்த ‘டக்’ மங்கிவிடும், குறைத்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். முதல் சொற்கட்டு 1, 2, 3 என்று அடிமேல் விழுகிறது. இரண்டாவது அடுத்த 1-ல் தொடங்காது. 4-ம் அடியின் பின்பாதியில் திறந்த தந்தி, பிறகு 1-ன் பின்பாதியில் 3-ம் ஃப்ரெட், 2-ன் பின்பாதியில் 6, சரியாக 3-ல் 5. மூன்றாவது மறுபடி அடிமேல். கடைசி 3-0 இரண்டும் 4, 1 ஆகிய அடிகளின் பின்பாதியில். காலால் தட்டிக்கொண்டே மெதுவாக, நிமிடத்துக்கு 60 அடியில் தொடங்கி, பாட்டின் வேகமான சுமார் 112-க்கு ஏறுங்கள். காலைத் தட்டாமல் பழகினால் எல்லாம் அடிமேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: தொடக்கத்தில் இரண்டு கிட்டார்கள் ஒலிக்கின்றனவா?

பதில்: ஒன்றுதான். இன்னொன்றாகக் கேட்பது குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கன். வழக்கமான லெஸ்லி எனும் சுழலும் ஸ்பீக்கருக்குப் பதிலாக அதை மார்ஷல் கிட்டார் ஆம்பில் செருகி, அதே ரிஃப்பை உறுமலோடு வாசிக்கிறார். கிட்டார் தனியாக, அப்புறம் டிரம்ஸின் ஜோடித் தாளத்தட்டான ஹை-ஹாட், ஆர்கன், முழு டிரம்ஸ், கடைசியாக பேஸ் என்று ஒவ்வொன்றாக ஏறுவதை ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

கேள்வி: ஸாப்பா அப்புறம் என்ன ஆனார்?

பதில்: கருவிகளை வாடகைக்கு எடுத்துப் பயணத்தைத் தொடர்ந்தார். டிசம்பர் 10 அன்று லண்டன் ரெயின்போ அரங்கில் ஒரு ரசிகன் மேடையிலிருந்து தள்ளிவிட, பலத்த காயத்துடன் மாதக்கணக்கில் சக்கர நாற்காலியில் இருந்தார். மோன்ட்ரூ நிகழ்ச்சியை யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்திருந்தார்கள். 1992-ல் ‘பீட் தி பூட்ஸ்’ வரிசையின் இரண்டாம் தொகுப்பில் அது ‘ஸ்விஸ் சீஸ் / ஃபயர்’ என்ற பெயரில் முறைப்படி வெளிவந்தது. ‘கிங் காங்’ பாதியில் நிற்பதும், பதற்றமில்லாத குரலில் ஸாப்பா கூட்டத்தை வெளியேறச் சொல்வதும் அதில் கேட்கும்.