இயந்திர நடவில் ஒரு அடி இடைவெளி: மகசூல் குறையுமா?

கேள்வி: குறுவைக்கு ஆடுதுறை 43 நெல் போடப் போகிறேன். நடவுக்கு ஆள் கிடைக்காததால் இந்த முறை இயந்திரம் வைக்கலாமென்று எண்ணம். ஆனால் பக்கத்து வயலில் வரிசைக்கு வரிசை ஒரு அடி விட்டு நட்டிருக்கிறார்கள், வயலே மொட்டையாகத் தெரிகிறது. மகசூல் அடிபடாதா?
– திருவாரூர் மாவட்ட வாசகர்

பதில்: நட்ட புதிதில் எல்லா இயந்திர நடவு வயலும் அப்படித்தான் தெரியும், கலங்காதீர்கள். இங்கே ஓடுகிற பெரும்பாலான இயந்திரங்களில் வரிசை இடைவெளி 30 செ.மீ., அதை மாற்ற முடியாது. வரிசைக்குள் குத்துக்குக் குத்து (ஒரே இடத்தில் சேர்த்து நடும் நாற்றுதான் ஒரு குத்து) விடும் தூரத்தைத்தான் மாற்றலாம், வண்டிக்காரரிடம் கறாராகப் பேச வேண்டியதும் அதைத்தான். 14 செ.மீ. வைத்தால் சதுர மீட்டருக்கு 24 குத்து விழும், 21 வைத்தால் 16தான். நாற்றுப் பாய் (இயந்திரத்துக்காகப் பாய் மாதிரி வளர்த்த நாற்று) மிச்சம், வேலையும் சீக்கிரம் முடியும் என்று அகலமாக வைக்கப் பார்த்தால் விடாதீர்கள்.

சரி, ஆள் நடவில் குறுவைக்கு 15க்கு 10 செ.மீ. என்று 66 குத்து வைக்கிறோமே, 24 எப்படிப் போதும்? சதுர மீட்டருக்கு 350 கதிர் வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். 66 குத்து இருந்தால் குத்துக்கு ஐந்தாறு கதிர் போதும், 24 என்றால் பதினைந்து வந்தாக வேண்டும். வரும், நாற்று இளசாக இருந்தால். ஆடுதுறை 43 மாதிரி 110 நாள் பயிரில் கடைசி 65 நாள் கதிர் உருவாகி முற்றுவதற்கே சரியாகிவிடும், தூர் வெடிக்க, அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் கிளம்ப, மிஞ்சுவது முதல் 45 நாள்தான். அதில் 25 நாளை நாற்றங்காலிலேயே கழித்துவிட்டு, பிடுங்கி நட்ட அதிர்ச்சியில் இன்னும் ஒரு வாரத்தையும் இழந்த நாற்று எங்கே பதினைந்து தூர் கட்டப் போகிறது? கட்டினாலும் பிந்தி வந்த தூரெல்லாம் அறுவடையில் பச்சைக்கதிராக நிற்கும். ஒற்றை நாற்று நடவில் 25க்கு 25 வைத்து வெறும் 16 குத்தில் விளைய வைக்கிறார்களே என்றால், அது 14 நாள் நாற்று.

அதனால் வண்டிக்கு முன்பே சொல்லிவைத்து, பாய் நாற்றை 15, 18 நாளுக்குள் நட்டுவிடுங்கள். தண்ணீரோ வண்டியோ தாமதமாகி நாற்று முற்றிவிட்டால் கூலி கூடினாலும் ஆள் வைத்து நெருக்கி நடுவதே மேல். களர் நிலத்துக்கும் அதே கதைதான், அங்கே தூர் குறைவாகத்தான் கட்டும்.

சம்பாவுக்கு சி.ஆர். 1009 மாதிரி நீண்ட நாள் ரகம் போட்டால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. தூர் கட்ட நாள் நிறைய உண்டு, அங்கே நெருக்கி நட்டால்தான் காற்றோட்டம் இல்லாமல் புகையான் பூச்சியும் இலையுறைக் கருகல் நோயும் வந்து உட்காரும்.