84 கிலோ, 52 கிலோ

அன்புள்ள அண்ணா,

நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறோம். என் கணவர் காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்தை மூன்று முறை முடித்தவர். இரண்டு வருடமாக நானும் அவரோடு மலைப்பாதைகளில் ஓடுகிறேன். இப்போது டர்பனுக்கு அருகிலுள்ள மொன்டிசீலில் பாறை ஏறப் பழகுகிறோம். அவர் 84 கிலோ, நான் 52. டாப்ரோப்பில் (கயிறு மேலே வளையத்தில் முன்பே மாட்டியிருக்கும் முறை) அவருக்குப் பிலே, அதாவது கீழிருந்து கயிறு, பிடித்திருக்கிறேன், சிரமம் தெரியவில்லை. அடுத்து அவர் லீட் ஏறப்போகிறார், அதாவது கயிற்றைத் தானே இடையிடையே மாட்டிக்கொண்டு மேலே போவார். நான் பிடிக்கலாமா? டிசம்பர் விடுமுறையில் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் சங்கிலி ஏணி வழியாக ஆம்பிதியேட்டர் என்ற செங்குத்துப் பாறைச்சுவரின் மேலே போகவும் திட்டம். "ஒரே பை போதும், நானே சுமக்கிறேன்" என்கிறார். சரிதானா?

டர்பன் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பிடிக்கலாம். ஆனால் டாப்ரோப் அனுபவத்தை வைத்து லீடைக் கணக்கிடாதீர்கள். டாப்ரோப்பில் அவர் விழுவதில்லை, கயிற்றில் உட்காருகிறார். மேலே வளையத்தில் கயிறு உரசும்போதே சுமையில் கணிசமான பங்கு கழிந்துவிடுகிறது. லீடில், கடைசியாகக் கயிறு மாட்டிய இடத்துக்கு ஒரு மீட்டர் மேலே அவர் நழுவினால் இரண்டு மீட்டருக்கும் அதிகமாக விழுந்த பிறகுதான் கயிறு இறுகும். அவர் உங்களைப்போல் 1.6 மடங்கு எடை. நீங்கள் தரையை விட்டுக் கிளம்பிவிடுவீர்கள்.

நீங்கள் எவ்வளவு மேலே போகிறீர்களோ அவ்வளவு தூரம் அவர் கூடுதலாகக் கீழே வருவார். பதினைந்து மீட்டர் உயரத்தில் அதனால் கெடுதல் இல்லை, அவருக்கு அதிர்ச்சி குறையும். தரையிலிருந்து நாலைந்து மீட்டரில் அதே இரண்டு மீட்டர்தான் அவர் கணுக்காலை முறிக்கும். இன்னொன்று, சுவரில் மோதப்போகும் எவரும் தன்னிச்சையாக இரு கைகளையும் முன்னே நீட்டுவார்கள். கயிற்றை இறுக்கி நிறுத்தும் பிரேக் கையும் அதை விட்டுவிடும். ஆகவே கைப்பிடியை மட்டுமே நம்பும் சாதாரண குழாய்வகைப் பிலே கருவி உங்களுக்கு வேண்டாம். கிரிகிரி போல, இழுப்பு வந்ததும் தானே கயிற்றைக் கவ்வும் கருவியை வாங்குங்கள். அதிலும் பிரேக் கை கயிற்றிலேயே இருக்க வேண்டும். கயிறு விடும் அவசரத்தில் அதன் கவ்வும் பகுதியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் அது கவ்வாது.

பாறையில் நிரந்தரமாகப் போல்ட் அடித்த பாதைகளில், உதாரணமாக வாட்டர்வால் போவன் என்ற ஏறுதலிடத்தில், எடல்ரிட்டின் ஓம் உதவும். முதல் போல்ட்டில் குவிக்டிராவுக்கு (கயிற்றைப் போல்ட்டோடு இணைக்கும் கொக்கி ஜோடி) பதிலாக மாட்டும் உராய்வுக் கருவி அது. முதல் போல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதனால் பயனில்லை. அதுவரை கை கொடுத்துத் தாங்கத்தான் வேண்டும்.

மொன்டிசீலில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் நட்டும் கேமும், அதாவது பாறை வெடிப்பில் செருகிப் பிறகு எடுக்கும் உலோகப் பிடிப்புகள், வைத்து ஏறுகிற பாதைகள். ஓமை நட்டில் மாட்டாதீர்கள். கீழ்நோக்கிய இழுப்பைத் தாங்கும்படி செருகிய நட், மேல்நோக்கியோ வெளிப்பக்கமாகவோ இழுத்தால் கழன்று வந்துவிடும். முதல் நட் கழன்றால் அதற்கு மேலே உள்ளவையும் வரிசையாகக் கழல வாய்ப்புண்டு. அதனால்தான் பாறையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று பிலே செய்வது தவறு. அவர் விழும் கோட்டிலிருந்து சற்று விலகி, பாறையடியிலேயே நில்லுங்கள். முதல் பிடிப்பை (நட் அல்லது கேம்) எந்தப் பக்க இழுப்பையும் தாங்கும்படி அவர் வைக்கட்டும். உங்கள் ஹார்னெஸ்ஸை (இடுப்புப் பட்டை) உறுதியான மரத்திலோ பெரும்பாறையிலோ ஸ்லிங் என்ற நாடா வளையம் போட்டுக் கட்டுங்கள். கட்டிய இடம், நீங்கள், முதல் பிடிப்பு மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும். ஒரு முழம் தளர்வு விடுங்கள். விறைப்பாகக் கட்டினால் முழு அதிர்ச்சியும் அவர் உடம்புக்கும் நட்டுக்கும் போகும்.

அவர் லீட் ஏறும் முன் உள்ளரங்கில், பயிற்சியாளர் உங்கள் பிரேக் கைக்குப் பின்னால் வரும் கயிற்றைப் பிடித்திருக்க, ஐந்தாவது போல்ட்டுக்கு மேலிருந்து சிறு சிறு விழுதல்களைப் பிடித்துப் பழகுங்கள்.

இனி பை. இதில் உங்கள் கணவரோடு நான் உடன்படவில்லை. அன்பினால்தான் சொல்கிறார், தெரிகிறது. ஆனால் அவர் ஐந்து நிமிடம் முன்னால் போய், இடையில் மூடுபனி இறங்கினால், மழைச்சட்டையும் விளக்கும் அவரிடம் இருக்கும், நீங்கள் வெறுங்கையோடு நிற்பீர்கள். தனியாக ஓர் இரவைத் தாங்கும் அளவு ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்: மழைச்சட்டை, ஒரு கம்பளி அடுக்கு, ஹெட்லேம்ப், இரண்டு லிட்டர் தண்ணீர், உணவு, உள்ளே நுழைந்து படுக்கும் அவசர உறை, விசில், இணையமில்லாமலே திறக்கும் வரைபடம் ஏற்றிய போன். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், போனை உடம்போடு ஒட்டி வையுங்கள். அவர் பலத்தைக் காட்ட விரும்பினால் கயிறு, முதலுதவிப் பெட்டி, கூடுதல் தண்ணீரை அவர் பையில் போடுங்கள். அவர் வேகமும் தானாகக் குறையும்.

நடை தொடங்கும் சென்டினல் கார் நிறுத்தமே சுமார் 2,500 மீட்டர் உயரம். காம்ரேட்ஸ் ஓடிய, கடற்கரையில் பழகிய நுரையீரலும் அங்கே திணறும். டர்பனிலிருந்து விடிகாலை வண்டி ஓட்டிப்போய் நேரே ஏறாதீர்கள். முந்தைய இரவு ஹாரிஸ்மித் பக்கம் தங்குங்கள்.

ஏணிகள் இரண்டு கட்டம், சுமார் நூறு படி. ஏணிக்கு ஒருவர்தான். மற்றவர் நேர்கீழே நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும், மேலே உள்ள பசால்ட் பாறை உதிரக்கூடியது. ஊன்றுகோலை மடக்கிப் பைக்குள் வையுங்கள், வெளியே தொங்கினால் படியில் மாட்டும். இறங்குவதுதான் கடினம், விளிம்பில் முதல் காலை வைக்கும்போது படி கண்ணுக்குத் தெரியாது. மேலே ஏறி முடித்ததும் இருவர் போனிலும் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டுகேலா அருவி விளிம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மூடுபனி வந்தால், அந்தச் சமவெளியில் ஏணியின் தலைப்பைக் கண்டுபிடிக்க வேறு அடையாளம் கிடையாது. பிரிந்துவிட்டால் நிமிடத்துக்கு ஆறு விசில். பதில் மூன்று. போனில் சிக்னல் கிடைத்தால் அவசர எண் 112.

டிசம்பரைத்தான் மாற்றச் சொல்வேன். அங்கே அது கோடை, பிற்பகல் இடிமழை சாதாரணம், நீங்கள் பிடித்திருப்பதோ இரும்பு ஏணி. விடுமுறையை நகர்த்த முடியாதென்றால் விடியும் முன்பே கிளம்பி, எங்கே இருந்தாலும் பத்து மணிக்குத் திரும்பி, பதினொன்றுக்குள் ஏணிகளைக் கடந்து கீழே வந்துவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் ஏணியையும் மேட்டையும் விட்டு விலகுங்கள். கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் காத்திருங்கள். அப்போது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி உட்காரத் தோன்றும். வேண்டாம். குறைந்தது பதினைந்து மீட்டர் தள்ளி, ஒருவர் கண்ணில் மற்றவர் படும்படி, பைமேல் குந்துங்கள். ஒருவருக்கு அடிபட்டாலும், மூச்சு நின்றவரை மீட்க மற்றவர் இருக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசி, மே என்றால் மழையும் ஓய்ந்திருக்கும், படிகளில் பனிக்கட்டியும் பெரும்பாலும் இன்னும் பிடித்திருக்காது.