சீதையின் நகைகள் இருந்த குகை

கேள்வி: சீதாப்பிராட்டியின் நகைகளைச் சுக்ரீவன் பாதுகாத்து வைத்திருந்த குகை ஹம்பியில் துங்கபத்திரைக் கரையில் உள்ளதாமே? அதை எப்படிக் கண்டடைவது? அங்குள்ள கோடுகள் சீதையின் சேலைத் தடங்கள்தானா?
- வாசகி, ஈரோடு

பதில்: விருபாட்சர் கோயிலுக்கு எதிரே நீளும் பழைய கடைவீதியின் கிழக்கு முனையிலிருந்து, ஆற்றை இடப்புறமாகக் கொண்டு, கோதண்டராமர் கோயிலைக் கடந்து விட்டலர் கோயிலுக்குச் செல்லும் நடைபாதையில் அக்குகை இருக்கிறது. சுக்ரீவ குகை என்று கேட்டால் காட்டுவார்கள். சீதா சரோவர் என்னும் நீர்நிலையும் அருகிலேயே உண்டு. வாகனத்தில் நேரே விட்டலர் கோயிலுக்குச் செல்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள் என்பதால், நடந்தே செல்லுங்கள்.

நீண்ட சுரங்கத்தை எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். கிரானைட் பாறை விரிசல்களின் வழியே வெயிலாலும் மழையாலும் காலங்காலமாகச் சிதைந்து, பெரும் உருண்டைகளாகப் பிரிந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்ததால் உண்டான இடைவெளியே அது. சுண்ணாம்புப் பாறையை நீர் கரைத்து உருவாக்கும் குகைகளைப் போல அது ஆழமாகச் செல்லாது. பாறையில் பட்டையாக ஓடும் கோடுகளும், நிலவியலின்படி, கனிமங்கள் வேறுபடுவதால் தோன்றுபவையே.

ஆயினும் அந்தக் கோடுகளின் முன் நிற்பவருக்குக் கதை சிறிதும் குறைவதில்லை என்பதே என் எண்ணம். இராவணன் தூக்கிச் செல்லும்போது, மலைமேல் வானரர்களைக் கண்ட சீதை நகைகளை மேலாடையில் முடிந்து கீழே போடுகிறாள். பின்னாளில் சுக்ரீவன் குகைக்குள் சென்று அவற்றை எடுத்துவந்து இராமனிடம் காட்டுவதாக வால்மீகி பாடுகிறார். நாள்தோறும் வணங்கிய காற்சிலம்புகளை மட்டுமே தன்னால் அடையாளம் காண முடிகிறது என்று இலக்குவன் கூறுவதும் அப்போதுதான். கம்பர் இதற்கெனக் கலன் காண் படலம் என ஒரு தனிப்படலமே வகுத்தார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, புறநானூற்றின் 378ஆம் பாடலில், சோழன் தந்த நகைகளை விரலுக்குரியதைச் செவியிலும் செவிக்குரியதை விரலிலுமாக மாற்றி அணிந்துகொண்ட தம் சுற்றத்தாருக்கு, சீதையின் நகைகளைக் கண்டெடுத்து அணிந்த குரங்குக் கூட்டத்தை ஊன்பொதி பசுங்குடையார் உவமை கூறினார். தமிழர் இவ்வளவு காலமாக அறிந்த கதைக்குக் கன்னட மண்ணில் இப்படி ஓர் இடம் இருப்பதால், நம்மவர் அவசியம் சென்று காண வேண்டும்.

கேள்வி: முதியவர்களுடன் எந்த மாதங்களில் அங்குச் செல்லலாம்?
- வாசகர், விழுப்புரம்

பதில்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை வேளையில் செல்லலாம். கோடையில் பாறைகளின் வெப்பம் முதியவர்களுக்குத் தாங்காது. மழைக்காலத்தில் துங்கபத்திரை அணை திறக்கப்பட்டால் கரையோரத்தின் தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கும்; அந்நாட்களில் ஆற்றில் இறங்குவதும் பரிசலில் ஏறுவதும் கூடவே கூடாது.