வடிகால் கணக்கு எழுதும் மகன்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், சென்ற ஆண்டு மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கியதிலிருந்து, மழைநீர் வடிகால் எங்கெங்கே அடைத்துக்கொள்கிறது, தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறான். மாநகராட்சியில் மனு கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறான். படிப்பு கெட்டுவிடும், வாடகைக்குக் குடியிருக்கும் நமக்கு ஊர் வம்பு எதற்கு என்கிறார் அவன் அப்பா. நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மகனைத் தடுக்க வேண்டாம். ஆனால், அந்த மனுவை நீங்களோ உங்கள் கணவரோ எழுதிக் கொடுத்துவிடவும் வேண்டாம்.

படிப்பு கெடும் என்ற கவலையை முதலில் பார்ப்போம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதி, தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை என்று ஆணையருக்கு விண்ணப்பம் வரைவது, நம் பிள்ளைகள் தமிழ்த் தேர்வில் மதிப்பெண்ணுக்காகச் செய்யும் பயிற்சிதான். ஊரில் இல்லாத தெருவுக்காக எழுதிப் பழகிய ஒரு சிறுவன், தன் வீட்டு வாசலுக்காக ஒருமுறை எழுதும்போது, 'பொருள்' என்ற இடத்தில் எதைச் சொல்வது என்று முதன்முதலாக யோசிப்பான்.

அவனுடைய நோட்டில் ஒரே ஒரு பத்தியை மட்டும் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுங்கள். காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று நாளிதழில் வருகிறது அல்லவா, கடலூருக்கு உரிய அந்த எண்ணைத் தெருவில் நின்ற தண்ணீரின் உயரத்துக்குப் பக்கத்தில் அவன் எழுதட்டும். இரண்டு நாள்களில் ஏறத்தாழ ஒரே அளவு மழை பெய்தும், ஒரு நாள் கணுக்கால் வரையும் மறுநாள் முழங்கால் வரையும் தண்ணீர் நின்றிருந்தால், ஏன் என்று அவனே கேட்பான். மழை ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்ததா, நாள் முழுவதும் தூறியதா, இடையில் யாராவது கட்டட மண்ணை வடிகாலில் தள்ளினார்களா, கெடிலம் ஆற்றில் அன்று எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று ஒவ்வொன்றாகத் தேடவேண்டி வரும். ஆற்றில் வெள்ளம் ஏறி, வடிகால் போய்ச் சேரும் வாயே மூழ்கிக் கிடக்கும்போது, எவ்வளவுதான் தூர் வாரியிருந்தாலும் தெருத் தண்ணீர் இறங்காது. அதை அறியாமல் எல்லா நாளுக்கும் சேர்த்துத் தூர் வாரவில்லை என்று எழுதினால், மனுவில் பாதி தவறாகிவிடும். பொறியாளர் அதைத்தான் முதலில் சுட்டிக்காட்டுவார்.

இப்படிக் கணக்கு எழுதுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களைச் சேர்ந்தவர்கள் 2004-ஆம் ஆண்டில், நாற்றம் அடிக்கிறது என்று சொல்வதோடு நிற்காமல், எந்த நேரத்தில் என்ன நாற்றம் என்று குறித்து வைத்தார்கள். வாளிக்குள் பையை வைத்துக் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். பேசுவதற்கு முன்பே அவர்கள் கையில் கணக்கு இருந்தது.

வம்பு வரும் என்ற உங்கள் கணவரின் அச்சத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். மனுவில் அண்டை வீட்டார் பெயரோ, குற்றச்சாட்டோ வேண்டாம். தேதி, இடம், தண்ணீரின் உயரம், மழை அளவு ஆகியவை போதும். மாமன்ற உறுப்பினரிடம் போகும்போது உடன் செல்லுங்கள், ஆனால் பேச்சை அவனிடம் விடுங்கள். மாநகராட்சி வார்டுகளில், அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் நடந்தால், வாக்காளர் என்ற முறையில் நீங்கள் பேசலாம், அவன் பக்கத்தில் அமர்ந்து கேட்கட்டும். யாராவது கட்சிப் பதாகைக்கு முன்னால் அவனை நிறுத்திப் படம் எடுக்க வந்தால் மட்டும், தயங்காமல் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுங்கள். பெரியவர்கள் தங்கள் சண்டைக்குப் பிள்ளையின் முகத்தைக் கடன் வாங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பிடிப்பதில்லை.

மனு கொடுத்த கையோடு ஒப்புகை வாங்கி நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள். உடனே பதில் வராமல் போகலாம். மூன்று வாரம் கழித்து, அதே மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டுக் கடிதம் எழுதுவது எப்படி என்பதையும் அவன் அப்போது கற்றுக்கொள்வான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தேங்கிய தண்ணீரில் அளவுகோலோடு அவன் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் வருகிறது, மூடி இல்லாத வடிகாலும் அறுந்து விழுந்த மின்கம்பியும் எங்கே இருக்கின்றன என்பது வெள்ளத்தில் தெரியாது. மழைக்கு முன்பே, வாசல் சுற்றுச்சுவரின் உட்புறத்தில் அடியிலிருந்து ஐந்து ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகப் பெயின்ட்டில் போட்டு எண்ணும் எழுதிவிட்டால், திண்ணையில் நின்றபடியே அவன் உயரத்தைப் படித்துவிடலாம். சுவரில் தூரிகை வைக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதையும் உங்கள் மகனே கேட்கட்டும்.