எட்டு மாதமாக விண்ணப்பிக்கிறேன், ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. ரெஸ்யூமையும் கவரிங் லெட்டரையும் எப்படி எழுதுவது?

கேள்வியைப் படித்தால் நீங்கள் ஃபிரஷர் மாதிரித் தெரியவில்லை. வேலை பார்த்துக்கொண்டிருந்து, அது போனவர் என்று நினைக்கிறேன். நானும் அப்படி இருந்தவன் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எச்.ஆர். இல்லை. கணக்குப் பிரிவு ஆள்.

பதினோரு ஆண்டு பார்த்த வேலை ஒரே வாரத்தில் போனது. உடனே, கிடைத்ததிலேயே பளபளப்பான டெம்ப்ளேட் ஒன்றை எடுத்தேன். இடப்பக்கம் நீலப் பட்டை, அதில் என் படம், அதற்குக் கீழே ‘எக்செல் 90%’ என்று வண்ணம் நிரப்பிய கோடு. எதில் 90%? யார் அளந்தது? அப்போது தோன்றவே இல்லை. பெயரும் போன் நம்பரும் மேலே ஹெட்டருக்குள். 64 இடங்களுக்கு அனுப்பினேன். ஷீட் போட்டு எண்ணியிருக்கிறேன், தொழில் புத்தி. வந்த பதில் இரண்டு, இரண்டுமே தானாகப் போகிற மறுப்பு மெயில்.

என்னிடம் வேலை கற்ற ஒரு பையன்தான் விஷயத்தைப் பிடித்தான். “சார், மொத்தத்தையும் காப்பி பண்ணி நோட்பேடில் போட்டுப் பாருங்க” என்றான். போட்டேன். இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் பின்னிக் கிடந்தன. வேலை பார்த்த ஆண்டுகள் பொழுதுபோக்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தன. கோடுகளெல்லாம் படம் என்பதால் மாயம்.

பல நிறுவனங்களில் நம் ஃபைலை முதலில் வாங்குவது ஏ.டி.எஸ். என்கிற மென்பொருள். அது எழுத்தை மட்டும் உருவி, பெயர், போன், பழைய வேலை என்று கட்டங்களில் நிரப்பும். ஹெட்டர், டெக்ஸ்ட் பாக்ஸ், டேபிள் இவற்றுக்குள் இருப்பதைச் சில மென்பொருள்கள் தவறவிடும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் அதில் எழுத்தே கிடையாது, வெறும் படம்தான். ‘இப்போது வருபவை எல்லாவற்றையும் படித்துவிடும்’ என்று ஒருவர் கட்டாயம் கிளம்பி வருவார். இருக்கட்டும். அந்தப் பக்கம் எது ஓடுகிறது என்று நமக்குத் தெரியாதே.

நீலப் பட்டையைத் தூக்கிவிட்டு, கடைசி வேலை முதலில் வருகிற மாதிரி, இடம் வலம் என்று பிரிக்காமல் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் எழுதினேன். விளம்பரத்தில் ‘வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு’ என்று இருந்தால் நானும் அதே சொல்லைப் போட்டேன், தேடுகிறவர் அதைத்தானே தட்டச்சு செய்வார். செய்யாத வேலையை எழுதச் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். செய்த வேலையை அவர்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்கிறேன். ‘மாதக் கணக்கு முடிக்கும் பொறுப்பு’ என்றிருந்த வரி, ‘கணக்கு முடிக்க 9 நாள் ஆனதை 4 நாளாகக் குறைத்தேன்’ என்று மாறியது. அந்த 4 நாளுக்கான பாராட்டை வாங்கியவர் என் மேலாளர். அந்தக் கதை இங்கே வேண்டாம், இரத்த அழுத்தம் ஏறும்.

கவரிங் லெட்டர் இன்னும் மோசம். கடின உழைப்பாளி, நேர்மையானவன் என்று தொடங்கி, வேலை ஏன் போனது, அதில் என் தவறு எதுவும் இல்லை என்று ஒன்றரைப் பக்கம். அந்தப் பையன் படித்துவிட்டு, “சார், யாரும் உங்க மேல குற்றம் சொல்லலையே?” என்றான். சுருக்கென்று இருந்தது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. மறுநாள் அந்தப் பகுதி முழுவதையும் வெட்டினேன். மூன்று சிறிய பத்திதான் மிஞ்சியது: எந்த வேலைக்கு எழுதுகிறேன், அவர்கள் கேட்டதில் முக்கியமான ஒன்றை நான் எங்கே செய்திருக்கிறேன், எப்போது சேர முடியும். கவரிங் லெட்டரை யாருமே படிப்பதில்லை என்பவர்கள் உண்டு. பாதி இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். என்னைக் கூப்பிட்ட ஒருவர் அதை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரெஸ்யூமைப் பதிவேற்றச் சொல்கிறார்கள், செய்கிறோம். அடுத்த பக்கத்தில் அதே விவரங்களை ஒவ்வொரு கட்டமாக மறுபடியும் நிரப்பச் சொல்கிறார்கள். நாற்பது நிமிடம் போனதும் ‘உங்கள் அமர்வு முடிந்தது’. இதைச் செய்தவர் ஒரு முறையாவது வேலை தேடியிருப்பாரா?

மாற்றி எழுதிய பிறகு 9 இடங்களுக்கு அனுப்பினேன், 3 அழைப்பு வந்தது. ரெஸ்யூமால் மட்டும்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆள் எடுக்கிற நேரமாகவும் இருந்திருக்கலாம். புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, பழைய 64-இல் ஒன்றிலிருந்து மறுப்பு மெயில் வந்தது. ‘அன்புள்ள’ என்று தொடங்கியது. அப்புறம் பெயர் இல்லை, வெறும் காற்புள்ளி.